சிலிண்டருக்குச் சாம்பிராணி போட்ட கதை

அன்புள்ள குமாருக்கு,

முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்து படி. பெருநகர் கிராமத்தில் நம் வீட்டில் நேற்று காலை ஆறே முக்கால் மணி அளவில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தோம், முதுகில் தட்டிப் பார்த்தோம், ஈர்க்குச்சியை உள்ளே விட்டுக் குத்தியும் பார்த்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. உன் அம்மா அதை மாடிப்படியில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்திருக்கிறாள். எண்ணெய் இளகும்வரை இந்த வீட்டில் யாரும் தலை வாரக்கூடாது என்று தீர்மானமாகியிருக்கிறது. வாருவதற்கு என் தலையில் ஒன்றும் மிச்சமில்லை என்பதால் நான் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. ஆக, பனிக்காலம் வந்துவிட்டது. உன் கனடாவில் இதைப் பனிக்காலம் என்று சொன்னால் பனியே சிரிக்கும் என்று தெரியும். இருந்தாலும் எங்கள் அளவுக்கு எங்களுக்கும் குளிர்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாயே, புது வீட்டின் கொல்லையில் வெள்ளை எருமை படுத்திருப்பது போல ஒரு கேஸ் டேங்க் இருக்கிறது, வீடு சூடாவதும் அதனால்தான், சோறு வேகுவதும் அதனால்தான், முதல் குளிர்காலம் வருகிறது, என்ன செய்துவைக்க வேண்டும் என்று. “நீங்கதான் நம்ம குடும்பத்து கேஸ் எக்ஸ்பர்ட்” என்று வேறு சொன்னாய். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. டேங்குக்கு நல்ல கம்பளியாகப் போர்த்து, மேலே இருக்கிற ரெகுலேட்டர் உறைந்தால் கொதிக்கக் கொதிக்க ஒரு சொம்பு வெந்நீர் ஊற்று, நாற்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன் என்று அளந்துவிட்டேன். அப்புறம் மருமகள் போனை வாங்கி, “மாமா, நீங்க நெருப்பு அணச்ச கதைய ஒரு தடவ சொல்லுங்க” என்றாள். சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொன்னேன். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று. போன் ஸ்பீக்கரில் இருந்தது. பெரியம்மா, என் அண்ணி மல்லிகா, நம் வீட்டுக்கு வந்தவள், அதே அறையில் கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் கேட்டாள். நான் போனை வைத்ததும் தலையை நிமிர்த்தாமலே, “தம்பி, அந்தப் புள்ள நீ சொன்னத நம்பி சுடுதண்ணி ஊத்திடப் போறான்” என்றாள். அவ்வளவுதான். மறுபடி மொச்சை உரிக்க ஆரம்பித்துவிட்டாள். உடனே, “வெந்நீர் வேண்டாம், கம்பளி வேண்டாம், எதுவும் வேண்டாம்” என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ “ஏம்ப்பா?” என்று திருப்பி அனுப்பினாய். அந்த ஒரு சொல்லுக்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். போனில் பேச ஆரம்பித்தால் நான் இதையும் வேடிக்கையாக்கிவிடுவேன். எழுதும்போதுதான் என் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

நடந்தது எண்பதுகளின் நடுவில். நான் தினம் பஸ் பிடித்து உத்திரமேரூர் போய் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது வீட்டில் சொன்னது. வாத்தியார்களுக்குப் பெயர் வைப்பதும், ஊராரைக் கலாய்ப்பதும்தான் முழுநேர வேலை. அந்த வருஷம் ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி அண்ணி வந்தாள். காஞ்சிபுரத்தில் தறி வைத்திருந்த குடும்பம். அண்ணிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. விறகுப் புகை பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். அதனால் அவளுடைய அப்பா எப்போதோ பதிந்துவைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கேஸ் அடுப்பை மகளோடு சேர்த்து அனுப்பிவைத்தார். நகை குறைந்தாலும் பரவாயில்லை, பெண் புகையில் நிற்கக்கூடாது என்று அவர் எங்கள் நைனாவிடம், அதாவது உன் தாத்தாவிடம், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எங்கள் தெருவில் முதல் சிலிண்டர் அது.

கேஸ் என்றால் அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தெரிந்தது கோர்ட்டு கேஸ் ஒன்றுதான். சிலிண்டர் பால் வண்டியில் வந்து இறங்கிய அன்றே எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“இன்னாடா, உங்க வூட்டுக்கு கேஸ் வந்துகீதாமே? வரப்புத் தகராறா?”

“வரப்பு இல்லக்கா, அடுப்புத் தகராறு. எங்க அண்ணி பேர்லதான் கேஸு.”

“மல்லிகா பேர்லயா? அடப்பாவமே, இப்பதானடா கண்ணாலம் ஆச்சி. அதுக்குள்ள இன்னா பண்ணிச்சி அந்தப் பொண்ணு?”

“ஒன்னும் பண்ணல. ஆளப் புடிச்சாந்து அடுப்பாண்ட உக்கார வெச்சிக்கினு கீறோம். காதத் திருகுனா எல்லாத்தையும் கக்கிடும்.”

கன்னியம்மா அக்கா இரண்டு நாள் அண்ணியிடம் துக்கம் விசாரிக்கிற முகத்தோடே பேசினாள். விஷயம் தெரிந்ததும் என்னைத் துடைப்பத்தோடு துரத்தினாள். அதிலெல்லாம் எனக்கு இப்போதும் வெட்கம் இல்லை. வெட்கம் இனிமேல்தான் வருகிறது.

சிலிண்டரோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. இங்கிலீஷ் புத்தகம். அதை நான் படித்துவிட்டதாகச் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் கேஸ் சம்பந்தப்பட்ட எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். நைனாவே கேட்பார். உண்மையில் நான் பார்த்தது அட்டையையும் உள்ளே இருந்த நாலு படத்தையும்தான். மார்கழி பிறந்தது. ஒருநாள் காலை அடுப்பு நீலமாக எரியாமல் சோர்ந்துபோய் எரிந்தது. விஷயம் ரொம்பச் சாதாரணமானது, உள்ளே கேஸ் தீரப்போகிறது. ஆனால் மாற்றுச் சிலிண்டர் கிடையாது. தீர்ந்தால் காஞ்சிபுரம் போய்ப் பதிந்துவிட்டு, வருகிறபோது வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். அதுவரை விறகுதான். அண்ணிக்கு அந்தப் பயம். என்னைக் கூப்பிட்டாள்.

“தம்பி, நீதான புக்கு படிச்ச. ஏன் இப்டி எரியுது?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் நாக்குக்கு அந்தச் சொல் அப்போது பழக்கமில்லை. “அது பேரே இன்னா அண்ணி? சில்லிண்டர். மார்கழி வந்தா சில்லுனு ஆயிடும். உள்ள கீற கேஸு ஒறஞ்சி போய்டும்” என்றேன்.

என் அம்மா முறத்தை வைத்துவிட்டு, “தேங்காண்ண ஒறையற மாரியா?” என்று கேட்டாள்.

“அதே மாரிதாம்மா.”

என்ன ஆயிற்று பார். ஊரில் எல்லோருக்கும் மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது தெரியும். வெந்நீரில் வைத்தால் இளகுவதும் தெரியும். அதனால் நான் சொன்ன பொய் அவர்களுக்குப் பொய்யாகவே படவில்லை. அன்றைக்கே சிலிண்டருக்கு நைனாவின் பழைய கம்பளி வந்தது. கழுத்துக்கு அண்ணனுடைய மஃப்ளர். வாயகன்ற அலுமினியத் தவலையில் வெந்நீர் நிரப்பி, நானும் அண்ணியுமாகச் சிலிண்டரைத் தூக்கி அதில் உட்கார வைத்தோம். என் கெட்ட நேரம், அடுப்பு கொஞ்சம் நன்றாக எரிந்தது. இரும்பு சூடானால் அடியில் மிச்சம் இருப்பது கொஞ்சம் வேகமாக மேலே கிளம்பும், அவ்வளவுதான். எவ்வளவு சூட்டில் எப்படிக் கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், சூடுகாட்டக் கூடாது என்று அந்தப் புத்தகத்திலேயே போட்டிருந்ததாம். அது படம் இல்லாத பக்கத்தில் இருந்தது.

அண்ணி என்னைக் கும்பிடாத குறை. நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி, பஸ்ஸில் சொல்லி, டீக்கடையிலும் சொல்லிப் பெருமை அடித்தேன். சிலிண்டர் தினம் குளித்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா என்று அம்மா கேட்டாள். பெண்பிள்ளை என்றால் வெள்ளிக்கிழமை, ஆண்பிள்ளை என்றால் சனிக்கிழமை, இது எது என்று முதலில் முடிவு பண்ணுங்கள் என்றேன். அம்மாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. “போடா போக்கிரி” என்று சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், குமார். அவள் சிரிக்கவில்லை, நம்பிக்கொண்டிருக்கிறாள் என்பதை நன்றாகக் கவனித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னேன். “குளிப்பாட்டுனா மட்டும் போதாது அண்ணி. ஈரம் நெஞ்சுல எறங்கிடும். கொயந்தைக்குக் காட்ற மாரி சாம்பிராணி காட்டுங்க.”

மறுநாள் சனிக்கிழமை. நைனாவும் அண்ணனும் கழனிக்குப் போயிருந்தார்கள். அம்மா ரேஷன் கடைக்கு. நான் என் கூட்டாளி ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு வந்து சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினேன். எங்கள் அண்ணி சிலிண்டருக்குச் சாம்பிராணி போடுவதைப் பார்க்க வா என்று வேடிக்கைக்கு ஆள் சேர்த்தேன். அவள் குளித்து, தலையில் துண்டு சுற்றி, கரண்டியில் தணல் எடுத்துக்கொண்டு வந்தாள். தவலைக்குப் பக்கத்தில் குந்தி, தூளைத் தூவி, கையால் விசிறி, அந்தச் சிலிண்டரின் கழுத்துக்குப் புகை காட்டினாள். அவ்வளவு பக்தியாக. அந்தப் புகையில் அவளுக்கே இரண்டு தரம் இருமல் வந்தது. ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நான் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

தினமும் வெந்நீர் பட்டு ரப்பர் குழாயின் வாய் தளர்ந்திருக்கிறது. சாம்பிராணி வாசனையில் கேஸ் வாசனை தெரியவில்லை. பொக்கென்று ஒரு சத்தம். குழாய் முனையில் நெருப்பு ஒரு முழத்துக்கு நின்றது. அண்ணி கத்தினாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரிந்த கதை. நான் உள்ளே பாய்ந்து, ஈரச் சாக்கைப் போட்டு, ரெகுலேட்டரைத் திருகி மூடினேன். நெருப்பு நின்றது. கதையில் மற்றதெல்லாம் போனாலும் அது ஒன்று எனக்கு மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

ஊர் கூடிவிட்டது. அண்ணியின் வலது கை மணிக்கட்டிலிருந்து விரல்வரை வெந்திருந்தது. யாரோ மாவைக் கரைத்துத் தடவினார்கள். அண்ணன் கழனிச் சேற்றோடு ஓடிவந்து நின்றான். கையைப் பார்த்தான், தணல் கரண்டியைப் பார்த்தான். “நெருப்பக் கொண்டாந்து கேஸாண்ட வெச்சிக்கிறியே, உனக்கு அறிவுகீதா?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டான். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். “தெரியாமப் பண்ட்டேன்” என்றாள். அம்மாவுக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளை என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஏழுமலை, “இவன்தாம்பா உள்ள பூந்து அணச்சான்” என்று கூட்டத்துக்குச் சொன்னான். நைனா வந்து என் முதுகைத் தட்டினார். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தது வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான்.

அடுத்த வாரமே சிலிண்டரும் அடுப்பும் காஞ்சிபுரத்துக்குத் திரும்பிப் போயின. அறிவில்லாத பெண் கையில் இதைக் கொடுத்து எங்கள் வீட்டைக் கொளுத்தப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து போனது. அவளுடைய அப்பா பதில் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டாராம். அப்புறம் விறகடுப்புதான், நீ பிறந்து நடக்கிற வரைக்கும். ஆறாத கையோடு ஊதாங்குழலை இடது கையில் பிடித்து ஊதுவாள். மார்கழி விடியலில் அவள் நெஞ்சு விசிலடிப்பது கூடத்தில் படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொள்வேன்.

இதோடு விட்டிருந்தால்கூட நான் பாதி மனிதன். எவனாவது அவளிடம் உனக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டுவிடுவானோ என்று பயமாக இருந்தது. கேள்வி வரக்கூடாது என்றால் சிரிப்பு வரவேண்டும். அது எனக்குத் தெரிந்த வித்தை. சாம்பிராணி என்று அவளுக்குப் பெயர் வைத்தேன். மந்தபுத்திக்காரர்களை அப்படிச் சொல்வது உண்டு, இவள் போட்டதும் சாம்பிராணி. இரண்டு பக்கமும் பொருந்தியது. அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் பரவிவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த சிலேடைகளில் அதுதான் நீண்ட நாள் ஓடியது. அந்தப் புகையில் இருமிக்கொண்டே அவள் சுட்டுப்போட்ட தோசையைத் தின்றுகொண்டு, “சாம்பிராணி, இன்னொன்னு போடு” என்று நானே கூப்பிட்டிருக்கிறேன். மழலையில் நீ அவளைத் “தாம்பாணிப் பெம்மா” என்றாய். எல்லோரும் கைதட்டினோம். அவளும் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு கைதட்டினாள். ஐந்தாவது படிக்கும்போது ‘என் அப்பா ஒரு தீயணைப்பு வீரர்’ என்று நீ கட்டுரை எழுதிப் பரிசாக ஒரு பேனா வாங்கி வந்தாய். அதை அவளிடம்தான் முதலில் படித்துக் காட்டினாய். அவள் நன்றாக இருக்கிறது என்றாள்.

சரி, டேங்க் விஷயம். இந்தத் தடவை நானாகச் சொல்லவில்லை. நம் ஊரில் கேஸ் அடுப்பு பழுது பார்க்க வருகிற பையனிடம் உட்கார்ந்து கேட்டு, தெரியாததை அவனும் விசாரித்துச் சொன்னதை எழுதுகிறேன். நீ உன் ஊர் கேஸ்காரனிடம் ஒரு தரம் சரிபார்த்துக்கொள். குளிர் முற்றுவதற்கு முன்பே நிரப்பச் சொல். முழுக்க நிரப்ப மாட்டார்கள், விரிவதற்கு மேலே இடம் விடுவார்கள், ஏமாற்றுகிறான் என்று சண்டைக்குப் போகாதே. டேங்க் மேலும் ரெகுலேட்டர் மேலும் விழுகிற பனியைத் துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளு, மண்வெட்டியால் கொத்தாதே. அது இருக்கிற இடம் பனியில் மறைந்துபோகும், பக்கத்தில் ஒரு கழி நட்டுவை. வண்டி வந்துபோகிற வழியையும் சுத்தமாக வை. உறைந்துபோனால் வெந்நீர், தணல், கம்பளி எதுவும் கிட்டே போகக்கூடாது. அவர்களைக் கூப்பிடு, வரும்வரை போர்த்திக்கொண்டு உட்கார். வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் இரண்டு பேரும் வெளியே போய்விட்டு அப்புறம் போன் பண்ணுங்கள். டேங்க்கை மூடுகிற வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று மருமகளையும் கூட்டிப்போய்க் காட்டு. நீ இருப்பாய் என்று அவள் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல். என் நாக்குதான் உனக்கும் வாய்த்திருக்கிறது, மருமகளோ நீ சொன்னால் நம்புகிறவள். அவள் சிரிக்காமல் கேட்கிறாள் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்.

இதுவரை எழுதியதை இன்று காலை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போய் அவனுக்கும் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். முதலில் அவர்களிடம் சொல்லாமல் உனக்கு அனுப்புவது இன்னொரு திருட்டுத்தனம் என்று பட்டது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். அப்புறம் அவளைப் பார்த்து, “ஏன்டி, இத்தினி வருசமா ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றான்.

“நீ எங்கய்யா கேட்ட? அறிவுகீதான்னுதான கேட்ட.”

அவன் தலை குனிந்துகொண்டான். நானும் கிளம்பலாம் என்று காகிதத்தை மடித்தேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இருடா. ரெகுலேட்டர நீதான மூடுன?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “நீ மூடியிருந்தா அவ கை எப்டிடா வெந்துச்சி?”

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்காகத்தான் போனாள் என்று நினைக்கிறேன். நான் திண்டாடுவதைப் பார்க்க வேண்டாம் என்று.

அதனால் இந்தக் கடைசிப் பத்தியை வீட்டுக்குத் திரும்பி வந்து எழுதுகிறேன். மூடியது உன் பெரியம்மா. ஈரச் சாக்கும் இல்லை ஒன்றும் இல்லை, வெறுங்கையை நெருப்புக்குள் விட்டுத் திருகியிருக்கிறாள். நான் அப்போது ஏரிக்கரையில் இருந்தேன். சத்தம் கேட்டதும் ஏழுமலைக்கு முன்னால் ஓடினவன் நான். கரையில் மூச்சு வாங்க நின்றபோது அவன், “டேய், உங்க அண்ணி உள்ள கீதுடா” என்றான். “தெரியும்” என்றேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பி நடந்தோம். அவளைக் காப்பாற்றத்தான் திரும்பினேன் என்று எழுத இப்போதும் கை வருகிறது. இல்லை குமார். தீபாவளிக்கு வாங்கிய புதுச் செருப்பை ஜன்னலுக்கு அடியில் விட்டுவிட்டு ஓடியிருந்தேன். யாராவது பார்த்தால் நான் அங்கே நின்றது தெரிந்துவிடும். அதை எடுக்கத்தான் வந்தேன்.

உன் அப்பா